நோய் நீக்குதலும் நோயாளியைப் பேணுதலும்

மருத்துவ மனையில் படுத்திருக்கும் ஒரு நோயாளியை மருத்துவர் ஒரு நாளில் பார்வையிடும் நேரம் பெரும்பாலும் சில நிமிடங்களே. எஞ்சிய நேரம் முழுவதும், இரவும் பகலும், அந்நோயாளியின் அருகே இருப்பவர் செவிலியர். மருந்தை வேளை தவறாது கொடுத்தல், உடல் வெப்பத்தையும் நாடித் துடிப்பையும் குறித்து வைத்தல், புண்ணைத் துடைத்துக் கட்டுதல், உண்ணவும் உறங்கவும் துணை செய்தல், அஞ்சுபவருக்கு ஆறுதல் கூறுதல் ஆகிய யாவும் அவருடைய பணிகள். மருத்துவத்துக்கு உடலியலும் வேதியியலும் அடிப்படையாக அமைந்துள்ளன. அதுபோலச் செவிலியர் பணிக்கும் தனக்கென ஒரு விஞ்ஞான அடிப்படை உண்டா என்னும் வினா நெடுங்காலம் கேட்கப்படாமலே இருந்தது. இப்பணி அன்பினாலும் பழக்கத்தினாலும் நடைபெறுவது. அதற்குக் கொள்கை வேண்டுவதில்லை என்றே பலரும் எண்ணினர்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. நோயுற்ற உறுப்பை மட்டுமன்றி, உடல், உள்ளம், குடும்பம், சமூகம் ஆகிய அனைத்தும் இணைந்த முழு மனிதரைப் பேணுவதே செவிலியர் பணி என்னும் கருத்து ஒரு கொள்கையாக வகுக்கப்பட்டது. இதனை முழுமைப் பேணுதல் கொள்கை எனலாம். ஏட்டில் உள்ள இக்கொள்கை நடைமுறையில் எவ்வாறு செயற்படுகிறது, அதனால் உயிர்கள் காக்கப்படுகின்றனவா, அதற்கு எத்தகைய தடைகள் உள்ளன என்பவற்றை அறிய மும்பை மாநகராட்சியின் இரு மருத்துவ மனைகளின் வரலாறு பெரிதும் துணை செய்கிறது.

கொள்கையின் தோற்றம்

இக்கருத்துக்கு வித்திட்டவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். 1854-ஆம் ஆண்டில் கிரிமியப் போரின்போது துருக்கியிலுள்ள ஸ்குதாரி என்னுமிடத்து இராணுவ மருத்துவ மனையில் அவர் பணியாற்றினார். செவிலியர் பணி பற்றிய அவருடைய நூல் 1859-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நோயைத் தீர்ப்பது இயற்கை. இயற்கை தன் வேலையைச் செய்வதற்கு ஏற்ற நிலையில் நோயாளியை வைத்திருப்பது செவிலியரின் கடமை என்பது அந்நூலின் சாரம். தூய காற்று, வெளிச்சம், தூய்மை, அமைதி, தக்க உணவு ஆகியவற்றை அவர் மருந்துக்கு நிகராக வைத்து எண்ணினார்.

அதற்கு 120 ஆண்டுகளுக்குப் பின்னர், 1979-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜீன் வாட்சன் என்னும் செவிலியர் பேராசிரியர், பேணுதலின் தத்துவமும் விஞ்ஞானமும் பற்றிய தமது நூலை வெளியிட்டார். மருத்துவத்தின் நோக்கம் நோயை நீக்குவது என்றும், செவிலியர் பணியின் கரு நோயாளியைப் பேணுவது என்றும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். பேணுதலுக்குரிய காரணிகளாக அவர் பத்தினை வகுத்துரைத்தார். மனித நேயம், நம்பிக்கையூட்டுதல், நோயாளிக்கும் செவிலியருக்கும் இடையே பற்றுறவு வளர்த்தல், நல்லுணர்ச்சிகளோடு துன்ப உணர்ச்சிகளையும் வெளியிட இடமளித்தல், கற்பித்தலும் கற்றலும், உகந்த சூழ்நிலையை அமைத்தல், உணவு, தூய்மை முதலிய தேவைகளை நிறைவேற்றத் துணை செய்தல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. உடலின் தேவையும் உள்ளத்தின் தேவையும் ஒரே பட்டியலில் இடம் பெற்றிருப்பதே இக்கொள்கையின் தனிச் சிறப்பாகும்.

பற்று, நம்பிக்கை போன்றவற்றை நிறுத்துப் பார்க்கவோ அளந்து பார்க்கவோ இயலுமா என்னும் ஐயம் விஞ்ஞான நோக்குடையோருக்கு எழுதல் இயல்பே. இக்கொள்கையின் மீது கூறப்படும் முதற் குறையும் இதுவே. ஆயினும், பேணுதலின் பயனை உடலின் மீதே காட்டக் கூடிய சில அளவுகோல்கள் உள்ளன. படுக்கைப் புண் அவற்றுள் ஒன்று.

படுக்கைப் புண் என்னும் அளவுகோல்

நீண்ட நாள் அசைவின்றிப் படுத்திருப்பவர்களுக்கு இடுப்பின் பின்புறம், குதிகால், தோள்பட்டை முதலிய எலும்பு புடைத்த இடங்களில் புண் உண்டாகிறது. உடலின் எடை ஒரே இடத்தில் அழுந்துவதால், தோலுக்கும் தசைக்கும் குருதியைக் கொண்டு செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நசுங்கி அடைபடுகின்றன. ஆக்ஸிஜன் கிடைக்காத திசுக்கள் சில மணி நேரத்தில் சிதையத் தொடங்குகின்றன. வியர்வையும் சிறுநீரும் தோலை ஊறச் செய்து இதனை விரைவுபடுத்துகின்றன. உணவில் புரதம் குறைந்தால் புண் ஆறுவதும் அரிது. புண்ணின் வழியே கிருமிகள் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து நேரிடலாம்.

இதனைத் தடுக்கும் முறை எளியது. இடைவிடாத உழைப்பை வேண்டுவது. நோயாளியை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைத்தல் வேண்டும். தோலை உலர்ந்த நிலையில் வைத்திருத்தல் வேண்டும். விரிப்பில் சுருக்கமின்றிப் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். போதிய உணவு ஊட்டுதல் வேண்டும். நோயாளிக்குப் படுக்கைப் புண் தோன்றினால் பெரும்பாலும் அது நோயின் குற்றமன்று, பேணுதலின் குற்றமே என நைட்டிங்கேல் அம்மையார் கருதினார். படுக்கைப் புண் இல்லாமை என்பது செவிலியர் பணி நன்கு நடைபெற்றதற்கு நோயாளியின் உடலே அளிக்கும் சான்றாகும்.

இத்தகைய சான்று உலகில் அரிதாகவே காணக் கூடிய அளவில் மும்பையில் கிடைத்தது. தமிழ் மக்கள் மிகுதியாக வாழும் மாதுங்காவுக்குத் தெற்கே, பரேல் பகுதியில், 1926-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிங் எட்வர்டு நினைவு மருத்துவ மனை உள்ளது. கருநாடகத்தின் ஹல்திப்பூரைச் சேர்ந்த அருணா ராமச்சந்திர ஷான்பாக் அங்கே செவிலியராகப் பணியாற்றி வந்தார். 1973-ஆம் ஆண்டு நவம்பர் 27-ஆம் நாள் மருத்துவ மனைக்குள்ளேயே அவர் ஒரு கொடிய தாக்குதலுக்கு ஆளானார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்குச் செல்லும் ஆக்ஸிஜன் தடைப்பட்டது. மூளை மீளாச் சேதம் அடைந்தது. அப்பொழுது அவருக்கு வயது 25.

அதன் பின்னர் அவர் பேசவோ தம் தேவைகளைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளவோ இயலாத நிலையில் அதே மருத்துவ மனையில் 41 ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். அவரைப் பேணியவர்கள் அவருடைய சக செவிலியர்கள். முதலில் பேணியவர்கள் ஓய்வு பெற்றுச் சென்றனர். அருணாவை நலமாக இருந்த நாட்களில் கண்டிராத அடுத்த தலைமுறையினர் அப்பொறுப்பை ஏற்றனர். குளிப்பாட்டுதல், உடை மாற்றுதல், மசித்த உணவை ஊட்டுதல் ஆகிய அனைத்தும் கைமாறிக் கைமாறித் தொடர்ந்தன. 2011-ஆம் ஆண்டில் உச்ச நீதி மன்றம் இவர் தொடர்பான வழக்கை விசாரித்தபோது, அத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப் புண் கூட ஏற்படவில்லை என்பது மன்றத்தின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டது.

இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டுதல் என்னும் நியதிப்படி கணக்கிட்டால் ஒரு நாளைக்கு 12 முறையாகும். 1973 நவம்பர் முதல் 2015 மே வரையிலான காலத்துக்கு இது ஏறத்தாழ 1,80,000 முறை என்றாகும். எந்த ஒரு தனி மனிதரின் பரிவும் இத்தனை நெடுங்காலம் இவ்வேலையைச் செய்திருக்க இயலாது. பேணுதல் என்பது ஓர் உணர்ச்சியாக மட்டும் நில்லாமல், கற்பிக்கவும் ஒப்படைக்கவும் மேற்பார்வையிடவும் தக்க ஒரு தொழில் முறையாக இருந்தமையாலேயே இது கைகூடிற்று.

இவ்வழக்கின் மறு பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் தகும். அருணாவின் வரலாற்றை நூலாக எழுதிய பிங்கி விரானி என்பவர், உணர்வற்ற இந்நிலையில் வாழ்வை நீட்டிப்பது முறையன்று எனக் கருதி மனுச் செய்தார். செவிலியர்கள் அதனை எதிர்த்தனர். 2011-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் அளித்த தீர்ப்பில் உச்ச நீதி மன்றம் அம்மனுவைத் தள்ளுபடி செய்தது. அருணாவின் சார்பில் பேசும் தகுதி அவரைப் பேணி வந்த மருத்துவ மனை ஊழியர்களுக்கே உண்டு என்றும் அது கருதியது. எனினும், குறிப்பிட்ட கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, உயிரை நீட்டிக்கும் சிகிச்சையை நிறுத்த இடமுண்டு என்னும் கொள்கையை அதே தீர்ப்பு ஏற்றது. 2018-ஆம் ஆண்டில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, மாண்புடன் இறக்கும் உரிமையையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தையும் ஏற்றுக்கொண்டது. 2015-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள் நிமோனியாக் காய்ச்சலால் அருணா இயற்கை எய்தினார். எவ்வளவு காலம் பேண வேண்டும் என்பதில் இரு தரப்பினரும் வேறுபட்டனர். எவ்வாறு பேண வேண்டும் என்பதில் செவிலியர்கள் காட்டிய தரத்தை எத்தரப்பினரும் மறுக்கவில்லை.

தாராவியின் அருகே ஒரு சிசுப் பகுதி

வாழ்வின் நெடிய இறுதிப் பகுதியில் பேணுதல் பெறும் இடத்தை மேற்கண்ட நிகழ்ச்சி காட்டுகிறது. வாழ்வின் முதல் நாட்களில் அது பெறும் இடத்தை மற்றொரு மருத்துவ மனையில் காணலாம். தாராவியை ஒட்டியுள்ள சயான் பகுதியில் லோகமான்ய திலகர் மாநகராட்சிப் பொது மருத்துவ மனை 1947-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நெருக்கமான சந்துகளில் வாழும் உழைப்பாளிக் குடும்பங்களின் குழந்தைகள் பலர் இங்கே பிறக்கின்றனர். குறை மாதத்திலோ எடை குறைவாகவோ பிறப்போரும் அவர்களுள் உண்டு.

குறை மாதக் குழந்தையின் உடலில் கொழுப்புச் சத்து மிகக் குறைவு. எடையோடு ஒப்பிடுகையில் அதன் தோற்பரப்பு அதிகமாதலின் வெப்பத்தை விரைவில் இழக்கிறது. நோய் எதிர்ப்பு ஆற்றலும் முதிர்வதில்லை. குளிர், தொற்று, ஊட்டமின்மை ஆகிய மூன்றும் இக்குழந்தைகளின் முதற் பகைகளாகும். இம்மூன்றையும் வெல்லப் பொறிகளும் மருந்துகளும் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொறிகளும் குறைவு, செவிலியரும் குறைவு என்னும் நிலையில் செய்யத் தக்கது யாது?

அங்குச் சிசு மருத்துவப் பகுதியை நடத்தி வந்த டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ் கண்ட விடை, தாயையே பேணும் பணியில் சேர்த்துக்கொள்வது. புட்டிப்பாலும் பால்மாவும் தவிர்க்கப்பட்டன. தாய்மார்கள் பகுதிக்குள் வரவும், செவிலியரின் வழிகாட்டலில் தம் குழந்தைகளைத் தாமே கவனிக்கவும் ஏற்பாடு செய்யப்பட்டது. தாய்ப்பால் கிடைக்காத குழந்தைகளுக்காக 1989-ஆம் ஆண்டு நவம்பரில் தாய்ப்பால் வங்கி ஒன்று நிறுவப்பட்டது. ஆசியாவிலேயே இத்தகைய முதல் வங்கி இதுவே எனக் கூறப்படுகிறது.

இவ்வகை வங்கிகள் செயற்படும் முறை வருமாறு: நோய்கள் இல்லை எனச் சோதித்து அறியப்பட்ட தாய்மார்கள் தம் குழந்தைக்குப் போக எஞ்சிய பாலைத் தானமாக அளிக்கின்றனர். அப்பால் 62.5 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் 30 நிமிடங்கள் வைக்கப்பட்டு விரைவாகக் குளிர்விக்கப்படுகிறது. நோய்க் கிருமிகள் இதனால் அழிகின்றன. பாலிலுள்ள எதிர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதி குறைந்தாலும் பெரும்பகுதி எஞ்சி நிற்கிறது. பின்னர்க் கிருமிச் சோதனை செய்யப்பட்டு, பால் உறைநிலைக்குக் கீழ் 20 டிகிரியில் சேமித்து வைக்கப்படுகிறது.

தாயைச் சேர்த்துக்கொள்ளும் இம்முறை வேறு நாடுகளிலும் தனித்தனியே தோன்றியது. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், 1978-ஆம் ஆண்டையொட்டி, வெப்பப் பெட்டிகள் போதாமையால் குழந்தையைத் தாயின் மார்போடு தோலும் தோலும் படுமாறு கட்டி வைக்கும் முறை தொடங்கிற்று. குட்டியைப் பையில் சுமக்கும் விலங்கின் பெயரால் இது கங்காரு முறை எனப்படுகிறது. எஸ்டோனியாவின் தாலின் நகரில் 1979-ஆம் ஆண்டில், செவிலியர் போதாத நிலையில், தாய்மார்கள் இரவு பகலாகக் குழந்தைகளுடன் தங்கிப் பேணும் ஏற்பாடு தொடங்கப்பட்டது. மூன்று இடங்களிலும் பற்றாக்குறையே புதிய வழியைக் காட்டியது.

வசதியின்மையால் ஏற்றுக்கொண்ட இரண்டாந்தர முறை இஃது என்று சிலர் எண்ணலாம். அவ்வெண்ணம் பிழை என்பதை 2021-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி மெய்ப்பித்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவ மனைகளில், 1 கிலோகிராம் முதல் 1.8 கிலோகிராமுக்குக் குறைவான எடையுள்ள 3,211 குழந்தைகளைக் கொண்டு அது நடைபெற்றது. பிறந்தவுடனேயே கங்காரு முறையில் வைக்கப்பட்ட குழந்தைகளுள் 28 நாட்களுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 12.0. உடல்நிலை சீரடைந்த பின்னரே அம்முறைக்கு மாற்றப்பட்ட குழந்தைகளுள் இறந்தோர் நூற்றுக்கு 15.7. அதாவது, இறப்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. இதனையொட்டி உலகச் சுகாதார நிறுவனம் 2022-ஆம் ஆண்டில், குறை மாதக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடனேயே இம்முறையைத் தொடங்கலாம் எனப் பரிந்துரைத்தது. தாயையும் சேயையும் பிரிக்காது ஒன்றாகக் கருதுதல் என்னும் பேணுதற் கருத்து இங்கே எண்ணிக்கையால் அளக்கத் தக்க உயிர்க் காப்பாக மாறியுள்ளது.

மொழியும் பழக்கமும்

முழு மனிதரைப் பேணுதல் என்றால் அவருடைய மொழியும் பழக்க வழக்கங்களும் அதில் அடங்கும். இதனை வலியுறுத்தியவர் மாடலின் லைனிங்கர் என்னும் அமெரிக்கச் செவிலியர். மானிடவியலும் பயின்ற அவர், 1960-களின் தொடக்கத்தில் நியூகினியில் பழங்குடி மக்களிடையே தங்கி ஆராய்ந்தவர். நோயாளியின் பழக்கங்களுள் நல்லனவற்றைப் பாதுகாத்தல், தீங்கில்லாதவற்றுக்கு இணங்கிப் போதல், தீங்கு தருவனவற்றை அவரோடு கலந்து மாற்றியமைத்தல் என மூன்று வழிகளை அவர் வகுத்தார்.

மும்பையில் இதன் தேவை கண்கூடு. தாராவியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகவும் பிற வேலைகளுக்காகவும் வந்து குடியேறிய தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றனர். மாதுங்காவிலும் செம்பூரிலும் அலுவலகப் பணிகளை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் உள்ளன. மருத்துவர் மராத்தி பேசுபவராகவும், செவிலியர் மலையாளம் பேசுபவராகவும், நோயாளி தமிழ் மட்டுமே அறிந்தவராகவும் இருக்கக் கூடும். மேல் வலிக்கிறது என்று ஒரு நெல்லை மூதாட்டி கூறினால் அவர் உடல் முழுவதும் வலிப்பதைக் குறிக்கிறார். சொல்லை மட்டும் மொழிபெயர்ப்பவர் உடலின் மேற்பகுதியில் வலி எனக் கொண்டு நெஞ்சைச் சோதிக்க முற்படுவார். நோயாளியின் பேச்சு வழக்கை அறிந்த ஒரு செவிலியர் அங்கே இருத்தல் ஒரு பரிசோதனைக் கருவியைப் போன்று பயன்படும்.

பிள்ளைப் பேற்றுக்குப் பின்வரும் பழக்கங்களுக்கும் லைனிங்கரின் மூன்று வழிகள் பொருந்தும். பிரசவித்த பெண்ணுக்கு ஓய்வு அளித்து, தாயோ மாமியாரோ உடனிருந்து கவனிக்கும் வழக்கம் பாதுகாக்கத் தக்கது. பூண்டும் மிளகும் சேர்ந்த பத்திய உணவு போதிய ஊட்டம் தருமாயின் அதற்கு இணங்கிப் போகலாம். பிறந்த குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு வைக்கும் சேனை என்னும் சடங்கும், சீம்பாலைக் கறந்து கொட்டிவிடும் வழக்கமும் மாற்றப்பட வேண்டியவை. ஏனெனில் சீம்பாலில்தான் நோய் எதிர்ப்புப் பொருள்கள் செறிந்துள்ளன. தேனிலோ கைக் குழந்தைகளுக்கு நஞ்சாக முடியும் நுண்ணுயிர்கள் இருக்கக் கூடும். இம்மாற்றத்தை அதட்டலால் கொண்டுவர இயலாது. வீட்டுப் பெரியவளை மதித்து, அம்மா என்றழைத்து, காரணத்தை விளக்கி உரைக்கும் செவிலியரின் சொல்லே ஏற்கப்படும். வாட்சன் கூறிய பற்றுறவும் கற்பித்தலும் இங்கே ஒரே செயலாக இணைகின்றன.

இப்பணி மருத்துவ மனையின் சுவர்களுக்குள் முடிந்துவிடுவதும் இல்லை. குழந்தை நலம் பெற்று வீடு திரும்பிய பின்னர், அவ்வீட்டின் சூழ்நிலையே அதன் எதிர்காலத்தை அறுதியிடுகிறது. இதனை உணர்ந்த டாக்டர் பெர்னாண்டஸ் 1999-ஆம் ஆண்டில் ஸ்நேஹா என்னும் தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தாராவி போன்ற பகுதிகளில் தாய் சேய் நலம், ஊட்டம், பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுத்தல் ஆகிய துறைகளில் அது பணியாற்றி வருகிறது.

கைகளின் எண்ணிக்கை

கொள்கை எத்துணைச் சிறந்ததாயினும் அதனை நிறைவேற்றக் கைகள் வேண்டும். மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவ மனைகளின் பொதுப் பகுதிகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியரும், பிற மருத்துவ மனைகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒருவரும் இருத்தல் வேண்டும் என்பது இந்தியச் செவிலியர் மன்றம் வகுத்த அளவு. பெருநகரங்களின் பொது மருத்துவ மனைகளில் நோயாளிகள் நிரம்பி வழியும்பொழுது இவ்வளவைக் காத்தல் கடினமாகிறது. பற்றாக்குறை உலகு தழுவியது. 2020-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் செவிலியர்கள் ஏறத்தாழ 2.79 கோடிப் பேர் இருந்தனர். 2018-ஆம் ஆண்டு நிலவரப்படி மேலும் 59 லட்சம் பேர் தேவைப்பட்டனர்.

ஒரு செவிலியரிடம் முப்பது நோயாளிகள் ஒப்படைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். எட்டு மணி நேரப் பணியில் ஒரு நோயாளிக்குக் கிடைப்பது 16 நிமிடங்கள். மருந்து கொடுத்தல், குறிப்பெழுதுதல் ஆகியவை போக எஞ்சும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைப்பதும் இயலாது, அச்சத்துடன் இருப்பவரின் அருகே அமர்வதும் இயலாது. முதலில் கைவிடப்படுவது பேச்சும் ஆறுதலும். அடுத்துக் கைவிடப்படுவது தோலைப் பேணுதல். அந்நிலையில் பேணுதல் கொள்கையைச் செவிலியர்களுக்குப் போதிப்பது அவர்கள் மனத்தில் குற்ற உணர்வை மட்டுமே வளர்க்கும்.

குடும்பத்தாரைச் சேர்த்துக்கொள்ளும் முறையிலும் இதே எச்சரிக்கை தேவை. சயான் மருத்துவ மனையின் முறையில் தாய் செவிலியரின் வழிகாட்டலில் செயற்படுகிறாள். வழிகாட்டுவோர் இன்றி அப்பொறுப்பு முழுவதையும் தாயின் மீதும் பாட்டியின் மீதும் சுமத்துவது பேணுதல் ஆகாது. பொறுப்பைத் தட்டிக் கழிப்பதே ஆகும். பிரசவித்த தாயும் பேணப்பட வேண்டியவளே என்பதை மறத்தல் கூடாது. அவளுக்குப் படுக்கையும் உணவும் தனிமையும் அப்பகுதியிலேயே கிடைத்தால்தான் அவளால் தன் குழந்தையை மார்போடு அணைத்துப் பல மணி நேரம் இருக்க முடியும்.

இந்தியாவில் செவிலியர் கல்விக்கு 1947-ஆம் ஆண்டின் இந்தியச் செவிலியர் மன்றச் சட்டம் ஒரே சீரான வரையறை அளித்தது. அதற்கு மாற்றாகத் தேசியச் செவிலியர் மற்றும் பேறுகால உதவியாளர் ஆணையச் சட்டம் 2023-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பாடத் திட்டத்தில் பேணுதற் கொள்கைகள் இடம் பெற்றுள்ளன. வகுப்பறையில் அவற்றைப் பயிலும் மாணவி பணிக்கு வரும்பொழுது, கற்றதைச் செய்வதற்குப் போதிய நேரத்தை அளிப்பது மருத்துவ மனைகளை நடத்துவோரின் பொறுப்பாகும். பரேலில் 41 ஆண்டுகள் புண்ணின்றிக் காக்கப்பட்ட ஓர் உடலும், சயானில் தாயின் அணைப்பிலும் வங்கிப் பாலிலும் வளர்ந்த சிசுக்களும், போதிய கைகளும் நேரமும் அமைந்தால் பேணுதல் எவ்வளவு செய்ய வல்லது என்பதை எடுத்துக் காட்டுகின்றன.